கருவாயன் குளிக்கப் போன கதை

"நாய்க்கு என்ன தெரியும்?" என்று கேட்கிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. எங்கள் தெருக் கருவாயனைப் பார்த்த பிறகு அப்படிக் கேட்க யாருக்கும் வாய் வராது. உடம்பெல்லாம் பன் நிறம், மூஞ்சி மட்டும் கரிச்சட்டி. குட்டியாக விறகு வண்டியோடு வந்தவன், வண்டி திரும்பிப் போனபோது கூடப் போகவில்லை. ரொட்டிக்காரம்மா வீட்டுப் பின்பக்கம், அடுப்பறைப் படிக்கு வெளியே கிடக்கும் கிழிந்த மாவுச் சாக்குதான் அவன் இடம். வீட்டுக்குள் வரலாம், அடுப்பறைப் படியைத் தாண்டக் கூடாது. ஒரே ஒருமுறை தாண்டித் துடைப்பக்கட்டையால் முதுகில் வாங்கினான். அதற்கப்புறம் உள்ளே எலி ஓடினாலும் கழுத்தை மட்டும்தான் நீட்டுவான்.

வீட்டில் மூன்று பேர். கருவாயன் கணக்கில் மூன்று வாசனை. டீசல் வாசனையோடு வருபவர் ரொட்டிக்காரம்மாவின் வீட்டுக்காரர், பஸ் ஓட்டும் ஐயா. தினம் ஒரு பூ வாசனையோடு வருவது மகள். அவளுக்குப் பார்லரில் வேலை, ஊரில் பாதிப் பேர் தலை அவள் கையில்தான். புளித்த மாவு, விறகுப் புகை, வியர்வை மூன்றும் கலந்து வருவது ரொட்டிக்காரம்மா. அந்த வாசனை பக்கத்தில் இருந்தால்தான் அவனுக்குத் தூக்கமே வரும்.

தினமும் காலையில் அவன் ஊர் சுற்றி, சாக்கடை, மீன்கடைக் குப்பை எல்லாவற்றிலும் ஆஜர் போட்டுவிட்டு வருவான். அம்மா மூக்கைச் சுளிப்பாள்.

"சீ, நாறப்பயலே! குளிக்க வாடா!"

அவ்வளவுதான், விறகு அடுக்குக்குப் பின்னால் பாய்ச்சல். தண்ணீர் என்றால் அவனுக்கு ஜென்மப் பகை. ஆனால் அந்தத் திட்டு இருக்கிறதே, அது கேட்காவிட்டால் அவனுக்கு விடிந்த மாதிரியே இருக்காது.

அம்மாவின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது விறகு போட்டு எரிக்கிற செங்கல் அடுப்பு. ஒரு நாள் விறகு காய்ந்திருக்கும், ஒரு நாள் ஈரம். ஒரு நாள் காற்று அடிக்கும், ஒரு நாள் அசையாது. கடிகாரத்தை நம்பினால் கரிதான் மிஞ்சும். அம்மா அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாவை உருட்டுவாள். திடீரென்று தலையைத் தூக்குவாள், "ஆச்சு" என்பாள், நீளக் காம்புப் பலகையை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறப்பாள். உள்ளே ரொட்டி தங்க நிறத்தில் நிற்கும். எல்லாம் மூக்கு. அதே நொடியில் படிக்கு வெளியே கருவாயனும் எழுந்து நிற்பான். ஓரத்துத் துண்டு ஒன்று வந்து விழும் இல்லையா, அதற்கு.

அப்படிப்பட்டவளுக்குக் காய்ச்சல் வந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அடுப்பு ஆறிக் கிடந்தது. கருவாயன் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தான். ஒரு வழியாக எழுந்தாள், இளைத்துப் போயிருந்தாள். அவள் எழுந்த சந்தோஷத்தில் கருவாயன் ஓட்டமாக ஓடி, மீன்கடைக் குப்பையில் ஆசை தீரப் புரண்டு, ஊரே மூக்கைப் பிடிக்கிற நிலையில் வந்து அவள் முன்னால் நின்றான்.

அம்மா குனிந்தாள். தலையைத் தடவினாள். "என் ராஜா, எங்கடா போனே?" என்றாள்.

கருவாயனுக்குத் திக்கென்றது. திட்டு எங்கே? அவன் இன்னும் கொஞ்சம் நெருங்கி முதுகைக் காட்டினான். அவள் அதையும் தடவினாள். அந்தச் சமயம் பார்த்து உள்ளே சமையலறை அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்துகொண்டிருந்தது. நாற்றம் தெருவுக்கே போய்விட்டது. அம்மா பாட்டுக்கு அவன் காதைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் குரைத்த குரைப்பில்தான் எழுந்து போனாள்.

கருகிய பாத்திரத்தை மூக்கருகே வைத்தாள். இன்னும் பக்கத்தில் வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கருவாயனுக்கு விஷயம் புரிந்துபோயிற்று. அம்மாவுக்கு மூக்கு போய்விட்டது! மனுஷர்களுக்கு அது எப்படியோ தெரியாது, அவனுக்கு அதைவிடப் பெரிய அநியாயம் உலகத்தில் இல்லை. மூக்கு இல்லாமல் யார் நம்மவர், யார் அயலார், எதைத் தின்பது, எதை விடுவது? பாவம், அவள் எப்படித்தான் வீட்டுக்குள் வழி கண்டுபிடித்து நடக்கிறாளோ என்று அவள் முந்தானையை ஒட்டியே நடந்தான்.

அம்மா இதை யாரிடமும் மூச்சு விடவில்லை. காரணம் இருந்தது. காய்ச்சலுக்கு முன்பே ஐயா, "போதும்மா, அடுப்போட மாரடிச்சது. அடுப்பு ஷெட்டை வாடகைக்கு விட்டுட்டு நிம்மதியா உட்காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகளும் அவர் பக்கம். அன்பில் சொன்னதுதான். ஆனால் அந்த அடுப்பை அம்மா தன் கையால் கட்டியவள், செங்கல் செங்கலாக. மூக்கு போனது தெரிந்தால் அன்றைக்கே அடுப்பை மூடிவிடுவார்கள். ஐயாவும் மகளும் வேலைக்குப் போனதும் ஷெட்டுக்கு வந்தாள், சேலையை இழுத்துச் செருகினாள், விறகைப் பற்றவைத்தாள்.

முதல் தட்டு கரியாகிப் போனது. அது கருகுவதற்கு முன்பே கருவாயன் எழுந்து நின்றான், வாலாட்டினான், முனகியும் பார்த்தான். அவள் முதுகு அவன் பக்கம் இருந்ததால் கவனிக்கவில்லை. கரியைக் கொட்டும்போதுதான் திரும்பிப் பார்த்தாள். அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள்.

"அடப்பாவி! உனக்குத் தெரியுமாடா?"

பிறகு மூச்சு வாங்க வாங்க மாவுப் பலகையைத் தள்ளித் திருப்பிப் போட்டாள், படியைப் பார்க்கிற மாதிரி. அடுத்த தட்டு உள்ளே போனது. மாவை உருட்டிக்கொண்டே கண்ணை அவன் மேல் வைத்திருந்தாள். கருவாயனுக்கு மூக்குக்குள் மாவு வெந்தது, பிறகு மேல்தோல் இறுகியது, பிறகு அந்த இனிப்பு கலந்த வாசனை வந்தது. எழுந்தான். "ஆச்சு" என்றாள். கதவைத் திறந்தால் தங்க நிறம். அன்றைக்கு அவனுக்கு ஓரத்துத் துண்டு இல்லை, முழு பன்.

அன்றிலிருந்து கருவாயன் உத்தியோகஸ்தன். அடுப்பு எரிகிற நேரத்தில் பூனை வந்து மூஞ்சிக்கு நேரே நின்றாலும் திரும்பமாட்டான். ஆனால் பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும், அவனுக்கு மனசு ஆறவில்லை. திட்டு வரவில்லையே! அந்த மூக்கைத் திரும்ப வரவழைக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. மூக்கு தூங்குகிறதென்றால் நன்றாக நாறுகிற எதையாவது கொண்டுபோய் எழுப்ப வேண்டும்.

ஐயாவின் காலுறையில் ஆரம்பித்தான். பகல் முழுக்க பஸ் ஓட்டிய கால் அது, சாமானியமில்லை. அம்மா மடியில் கொண்டுபோய் வைத்தான். "தோய்க்கப் போடணுமாடா?" என்று எடுத்து வைத்துக்கொண்டாள். அடுத்து மீன்தலை. அடுத்து செத்த எலி. அதை மகளின் புதுச் செருப்புக்குள் போட்டு, செருப்போடு கொண்டுவந்தான். சேர்ந்தால் பலன் கூடும் என்று ஒரு யோசனை. மகள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மா, இதுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு!"

ஐயா காலுறை இல்லாத காலோடு வந்து நின்றார். "இனி சரிப்படாது. எங்க டிப்போக்காரர் ஒருத்தருக்கு ஊருக்கு வெளியே தோட்டம் இருக்கு. இன்னொரு தடவை இப்படிப் பண்ணட்டும், கொண்டுபோய் விட்டுடறேன்."

"நாய் எங்கேயும் போகாது," என்றாள் அம்மா.

"நாத்தம் குடலைப் புடுங்குது, உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

 அம்மா எலியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். கருவாயன் பின்னாலேயே போனான். அங்கே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ போனா என் அடுப்பும் போச்சுடா. கொஞ்சம் அடங்கி இரு" என்றாள்.  சொன்னது அவனுக்குப் புரிந்ததா என்றால் எனக்குத் தெரியாது. ஆனால் அடங்கவில்லை, அது மட்டும் தெரியும்.

அதற்குள் ஆஸ்பத்திரி கேன்டீன் மேனேஜர் ஆள் அனுப்பியிருந்தார். ரொட்டியைப் பார்க்க நேரில் வருவதாகச் சொன்னார். பிடித்துப்போனால் தினமும் வாங்கிக்கொள்வார். அப்படி ஒன்று அமைந்துவிட்டால் ஷெட்டை வாடகைக்கு விடுகிற பேச்சு அத்தோடு முடிந்தது. அம்மாவுக்கு அதுதான் குறி.

அவர் வருகிற நாள் காலையில் ஐயாவும் மகளும் வீட்டிலேயே இருந்தார்கள். பெரிய மனுஷர் வரும் வீட்டில் நாய் நாறக் கூடாதே! மகள் நல்லெண்ணத்தில்தான் செய்தாள். கருவாயனை முன்வாசல் குழாயடியில் கட்டிப்போட்டு, பார்லரில் இருந்து கொண்டுவந்த ரோஜா ஷாம்பூவைத் தாராளமாக ஊற்றித் தேய்த்தாள். அலசினாள், மறுபடி தேய்த்தாள். மெஷினால் உலர்த்தினாள். கடைசியில் காது, கழுத்து, மூஞ்சி என்று சென்ட் வேறு அடித்தாள். கட்டை அவிழ்த்தபோது கருவாயனின் உலகத்தில் ரோஜாவைத் தவிர ஒன்றுமே இல்லை.

தும்மினான். தரையில் மூக்கைத் தேய்த்தான். ரோஜா. சாக்கை முகர்ந்தான். ரோஜா. மூக்கிருக்கிற யாராவது அவனைப் பார்த்திருந்தால், இந்த நாய்க்கு இன்றைக்கு எதுவும் தெரியாது என்று ஒரு நொடியில் சொல்லியிருப்பார்கள். அம்மாவுக்குத்தான் அது இல்லையே. "என்னடா, மாப்பிள்ளை கணக்கா வந்திருக்கே!" என்று சிரித்துவிட்டுத் தட்டை உள்ளே தள்ளினாள்.

அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாவு வெந்ததா? தெரியவில்லை. தோல் இறுகியதா? தெரியவில்லை. அவனுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. எழுவதா, இருப்பதா? பொய்யாக எழுந்து அவனுக்குப் பழக்கமில்லை. "இன்னும் ஆகலையாடா?" என்று அவள் கேட்டாள். அடுப்புக் கதவு இடுக்கில் கறுப்பாகப் புகை வந்ததைப் பார்த்த பிறகுதான் குரைத்தான். அதற்குள் முன்னறையிலிருந்து மகள் ஓடி வந்தாள்.

"அம்மா! கருகுது! பக்கத்துலயே நின்னுக்கிட்டு என்ன பண்றே?"

ஐயா கதவைத் திறந்தார். தட்டு முழுக்கக் கரி. திரும்பி அம்மாவைப் பார்த்தார். திருப்பிப் போட்ட பலகையைப் பார்த்தார், படியில் நடுங்கிக்கொண்டிருந்த நாயைப் பார்த்தார்.

"உனக்கு வாசனை தெரியலையா?"

"தெரியல," என்றாள் அம்மா. "காய்ச்சல்ல போனது. இதுவரைக்கும் வரல. அவன்தான் எனக்கு மூக்கு."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா அடுப்பை மூடியிருப்பீங்க."

 அது உண்மைதான் என்று ஐயாவுக்குத் தெரியும். மகள் கருவாயனைப் பார்த்தாள், தன் கையை முகர்ந்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நான்தான் கெடுத்தேன்!"

"அழறதை அப்புறம் அழலாம்," என்றாள் அம்மா. "இன்னும் ஒரு தட்டு மாவு இருக்கு. அவர் வர நேரமும் இருக்கு. விறகு எடுங்க."

"வாசனைதானே? நாங்க பார்த்துச் சொல்றோம்," என்றார் ஐயா.

"வெந்த வாசனைக்கும் வேகாத வாசனைக்கும் வித்தியாசம் தெரியுமா உங்களுக்கு? இத்தனை வருஷத்துல ஒரு தடவை அடுப்புப் பக்கம் வந்திருக்கீங்களா?"

இதையெல்லாம் கேட்கக் கருவாயன் அங்கே இல்லை. வாலைக் கிளப்பிக்கொண்டு தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். சாக்கடையில் குதித்தான், போதவில்லை. சாம்பல் மேட்டில் புரண்டான், போதவில்லை. மீன்கடைக் குப்பையில் தலையைக் கவிழ்த்து, காது, கழுத்து, மூஞ்சி என்று ரோஜா ஏறிய இடமெல்லாம் தேய் தேய் என்று தேய்த்தான். மூச்சை இழுத்தான். மீன். சாக்கடை. சாம்பல். அப்பாடா! தூரத்தில், தெருக்கோடியில், மாவு வேகிற வாசனை.

அவன் சொட்டச் சொட்ட வந்து படியில் நின்றபோது மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிட்டாள். ஐயா அன்றைக்கு முதல்முறையாக அவனுக்கு "வாங்க சார்" போட்டார். அம்மா அவன் கண்ணையே பார்த்தாள். மூன்று பேரும் ஒரு நாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தோல் இறுகியது. இனிப்பு வந்தது. எழுந்தான்.

"ஆச்சு," என்றாள் அம்மா.

மேனேஜர் வந்தார், ரொட்டியைப் பிய்த்தார், மென்றார், இன்னொரு துண்டு பிய்த்தார். "நாளையிலிருந்து அனுப்புங்க" என்றவர், படியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இந்த நாய் எதுக்கு இங்கே?"

"அவர் படியைத் தாண்ட மாட்டார். மேஸ்திரி," என்றார் ஐயா.

அதற்குப் பிறகு வீட்டு நடப்பே மாறிப்போனது. தோட்டத்துப் பேச்சு அடங்கிவிட்டது. டாக்டரிடம் போனார்கள், வரலாம், வராமலும் போகலாம், விதவிதமாக முகர்ந்து பழகுங்கள் என்றார் அவர். கருவாயன் முதலிலிருந்தே சொன்னதைத்தான் அவரும் சொன்னார். இப்போது ஐயாவே சாயங்காலம் காலுறையைக் கழற்றி, "இந்தா, இதை முகர்ந்து பாரு" என்று நீட்டுவார். மகள் எண்ணெய், சோப்பு, சென்ட் என்று புட்டி புட்டியாகக் கொண்டுவருவாள். கருவாயன் அவன் பங்குக்குக் குப்பைமேட்டைக் கொண்டுவருவான். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாக முகர்ந்து தலையாட்டுவாள். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் முகர்வாள். விடுகிற ஜாதி இல்லை, அவளும் சரி, நாயும் சரி.

ஒரு மழை நாள். ரொட்டியெல்லாம் போன பிறகு அம்மா படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மகள் பின்னால் உட்கார்ந்து அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கருவாயன் தெப்பமாக நனைந்து வந்து, வழக்கம்போல் அவள் மடியில் தலையை வைத்தான். நெற்றியைத் தடவக் குனிந்தாள்.

கை நின்றது. அவள் மூக்கு நுனி லேசாகச் சுருங்கியது. இன்னொரு தடவை குனிந்து அவன் கழுத்தில் மூஞ்சியைப் புதைத்து இழுத்தாள்.

"சீ!" என்றாள். மகள் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. "சீ, என்னடா இது... நாறப்பயலே!"

அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கூடையில் மிஞ்சியிருந்த பன்னை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அது இன்னும் வரவில்லை. பரவாயில்லை என்று வைத்துவிட்டாள். மறுபடி அவன் கழுத்துக்கே வந்தாள். "நாறப்பயலே, நாறப்பயலே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள், சிரித்தாள்.

"குளிக்க வாடா!"

விறகு அடுக்குப் பக்கம் கருவாயன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்தான், உடம்பை ஒரு உதறு உதறினான், வாலை ஆட்டிக்கொண்டு தானே நடந்து போய்க் குழாயடியில் நின்றான்.