எரிச்சலுக்கு நான் சொன்ன வைத்தியம்

போன ஞாயிற்றுக்கிழமை வடக்கனந்தலில் இருக்கும் தங்கை வளர்மதி வீட்டுக்குப் போயிருந்தேன். காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அணைத்தபடி கொண்டுவந்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் வளைந்தே நிற்கின்றன. ஒரு கையால் பிடித்தால் டம்ளர் நழுவிவிடுமாம்.

அவள் முகத்தைப் பார்க்காமல் காபியை வாங்கிக்கொண்டேன். ஏன் என்பதை இந்த வாரப் பத்தியில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வளர்மதிக்கு நாற்பத்தாறு வயது. வீட்டில் மூன்று கறவை மாடுகள். விடிவதற்குள் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிடுவாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் கையை மடக்கவே முடியாமல் போனது. முடக்குவாதம் என்று சொல்லி, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுகிற மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்தார். மூன்றே மாதத்தில் வீக்கம் வடிந்தது. மறுபடியும் கறக்க உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் இன்னொன்று போகவில்லை. எரிச்சல்! தோளிலிருந்து பாதம்வரை, மிளகாய் அரைத்த கை மாதிரி... கூடவே சுருக் சுருக்கென்று குத்தல்.

போன வருஷம் ஒருநாள் போனில் அழுதாள். "மாத்திர தவறாம போட்டுக்கினுதான் இருக்கறேன்ணா. ஒடம்பு பூரா எரிஞ்சிக்கினே இருக்குது. இந்தக் கருமத்த தின்னு இன்னா பிரயோஜனம்?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? டாக்டரிடம் போய் இதைச் சொல் என்று. சொன்னேனா? ஊருக்கெல்லாம் யோசனை எழுதுகிற ஆளாயிற்றே!

"அது மாத்திர சூடும்மா. இங்கிலீஷ் மருந்துன்னாலே சூடு ஜாஸ்தி. ரெண்டு மாசம் நிறுத்திட்டு ஒடம்ப குளுமை பண்ணு" என்றேன்.

எரிந்தால் சூடு. சூடு என்றால் வெந்தயம். இதற்கு மேல் நாம் எங்கே யோசிக்கிறோம்?

அண்ணன் சொல்லைத் தட்டாதவள். இளநீர், ஊறவைத்த வெந்தயம், வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் – ஒன்றையும் விடவில்லை. அவள் வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை, கல்வராயன் மலைக்குப் போகும்போதெல்லாம் யாரோ சொன்ன வேர் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு மாதம் ஒரு வருஷமாக நீண்டது. எரிச்சல் இம்மிகூடக் குறையவில்லை. வீக்கம் திரும்ப வந்தது. பிறகு விரல்கள் கோண ஆரம்பித்தன.

போன மாதம் கள்ளக்குறிச்சியில் வேறொரு டாக்டரம்மாவிடம் மூவரும் போனோம். அவர்தான் முதன்முதலாக, "எப்படி வலிக்குது?" என்று கேட்டார். அதுவரை எல்லாரும் "வலி இருக்கா?" என்று கேட்டார்கள், இவளும் "இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இந்த முறை எரிச்சலையும் குத்தலையும் சொன்னதும் டாக்டரம்மா விளக்கினார்.

"உங்களுக்கு ரெண்டு வலிங்கம்மா. மூட்டு வீங்கறதுக்குத்தான் அந்த வார மாத்திர. அது ஒழுங்காத்தான் வேல செஞ்சிக்கினு இருந்துச்சி. எரியறதும் குத்தறதும் நரம்பு சம்பந்தப்பட்ட வேற வலி. அதுக்குத் தனி மருந்து இருக்குது. எரியுதுன்னு சொல்றவங்க நிறைய பேரு அந்த வார மாத்திரயத்தான் பாதியில நிறுத்திடறாங்க."

"வெரலு நிமிருமாங்க?" மாப்பிள்ளை கேட்டார்.

டாக்டரம்மா வளைந்த விரல்களை மெல்ல நிமிர்த்திப் பார்த்தார். "இனிமே ஜாஸ்தி கோணாம பாத்துக்கலாங்க" என்றார்.

மருந்து செய்யாத வேலைக்காக அதன்மேல் கோபப்படுகிறோம். அது செய்த வேலையோ கண்ணிலேயே படுவதில்லை. வீங்காமல் இருக்கும் விரலை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்?

இப்போது இரண்டு மருந்தும் சாப்பிடுகிறாள். எரிச்சல் பாதி குறைந்துவிட்டது. மாப்பிள்ளைதான் கறக்கிறார். ஒரு மாடு மட்டும் அவர் கைக்குப் பால் விடாமல் எட்டி உதைக்கிறது. அது கத்தும்போதெல்லாம் வளர்மதி கொட்டகைப் பக்கம் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"நான்தாம்மா ஒன் கைய கெடுத்துட்டேன்" என்றேன்.

"சும்மா இருண்ணா. வேணும்னா சொன்ன? என் நல்லதுக்குத்தான சொன்ன!"

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.