களிமண் உருண்டையின் உந்தம் எங்கே போனது?

போன செவ்வாய்க்கிழமை, புதுக்கோட்டையில் ஆபீஸ் வேலையாக இருந்தபோது போன் வந்தது.

"கார்த்திகா அம்மாங்களா? ஃபிசிக்ஸ் மிஸ் பேசுறேன். இன்னிக்கு ஸ்கூல் வரைக்கும் வர முடியுங்களா?"

"ஏன் மிஸ், என்னாச்சு?"

"பயப்படாதீங்க. நேர்ல பேசுவோம்."

அப்படிச் சொன்ன பிறகு பயப்படாத தாய் எவளாவது உண்டா?

பர்மிஷன் போட்டுவிட்டு கீரமங்கலம் பஸ்ஸில் ஏறினேன். மயங்கி விழுந்துவிட்டாளா? செல்போனோடு மாட்டிக்கொண்டாளா? யாராவது பையன்...? ஆலங்குடி வருவதற்குள் மனதுக்குள்ளேயே அவளுக்கு டி.சி. வாங்கி வேறு பள்ளியும் பார்த்துவிட்டேன். பத்து நாளாக அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தது அப்போதுதான் உறைத்தது. எதிரில்தானே இருந்தேன் — ஏன் கேட்கவில்லை?

ஸ்டாஃப் ரூமில் அந்த மிஸ் தனியாக இருந்தார். மிஞ்சினால் இருபத்தைந்து வயது. ஒரு கடிதத்தை என் முன் வைத்தார். என் மகளின் கையெழுத்து. பிளஸ் ஒன் சயின்ஸ் குரூப்பிலிருந்து காமர்ஸுக்கு மாற அனுமதி கேட்டிருந்தாள். பெற்றோர் கையொப்பம் என்ற இடம் காலி.

"ஃபிசிக்ஸ் புரியலன்னு எழுதியிருக்கா. ஆனா காரணம் அவ இல்லைங்க... நான்தான்."

பத்து நாள் முன்பு உந்த மாறா விதி நடத்தியிருக்கிறார். ஓடுகிற பொருளுக்கு உந்தம் உண்டு. ஒன்றோடொன்று மோதினால் அது கைமாறும், மொத்தம் மாறாது. கார்த்திகா எழுந்து, "களிமண் உருண்டைய சுவத்துல அடிச்சா அப்பிடியே ஒட்டிக்கிதே, அதோட உந்தம் எங்க போச்சு மிஸ்?" என்று கேட்டிருக்கிறாள்.

"எனக்குச் சட்டுன்னு பதில் வரலைங்க. இதுதான் மொத வருஷம். அன்னிக்குப் பாத்து எச்.எம். வராந்தாவுல நிக்கிறாங்க. 'அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உக்காரு'ன்னு அதட்டிட்டேன். கிளாஸே சிரிச்சிருச்சு. அன்னையிலேர்ந்து அவ வாயே தொறக்கல. டெஸ்ட்ல அந்தப் பாடத்துக் கேள்வியை வெறுமனே விட்டுட்டா. நேத்து இந்த லெட்டர்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் பேனா மூடியைத் திருகித் திருகிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட அவர்தான் பயந்து போயிருந்தார்.

"இப்பப் பதில் தெரியுமா மிஸ்?"

"படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேங்க. ஒங்க முன்னாடியே அவகிட்டச் சொல்லிர்றேன்."

"என் முன்னாடி எதுக்கு? சிரிச்சது கிளாஸ்தானே..."

அவர் முகம் வெளுத்தது. பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் பின்னாலேயே போய் வகுப்பு வாசலில் நின்றேன். கார்த்திகா என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னிக்குக் கார்த்திகா கேட்டது நல்ல கேள்வி. எனக்குத்தான் பதில் தெரியல" என்றார் மிஸ்.

யாரும் சிரிக்கவில்லை.

"உந்தம் காணாமப் போகல. சுவத்துக்குப் போச்சு. சுவரு பூமியோட சேந்து நிக்கிது, அதனால பூமிக்கே போச்சு. பூமி அம்புட்டுப் பெருசா இருக்கவும் அது அசைஞ்சது நமக்குத் தெரியல."

மகள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. சரி, காமர்ஸ்தான் என்று நினைத்தேன். அப்போது மெல்ல எழுந்தாள்.

"அப்ப நான் எறியுறப்பவே... என் காலு பூமியை அங்கிட்டுத் தள்ளியிருக்குமா மிஸ்?"

மிஸ் யோசித்தார்.

"ஆமா! நீ அங்கிட்டுத் தள்ளுன, உருண்டை இங்கிட்டுத் தள்ளிருச்சு. ரெண்டும் சரியாப் போச்சு!"

மிஸ் சிரித்தார். பத்து நாளில் முதல்முறையாக என் மகளும் சிரித்தாள்.

கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கிழிக்கவில்லை, மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அடுத்த டெஸ்ட் எழுதிட்டுச் சொல்றேம்மா."

ஆக, எனக்கு இன்னும் திக்திக்தான்.

ஒன்று சொல்லட்டுமா? பள்ளியில் அதே விதியை நான் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள். சந்தேகம் என்று ஒருநாளும் எழுந்து நின்றதில்லை...

புரிந்திருந்தால்தானே சந்தேகம் வர!