வான்மதியின் நான்கு மாதம்

வெஸ்ட் வின்ட்சரில் ஜம்புநாதன் வீட்டில் எந்த விண்ணப்பமானாலும் நிரப்புவது ஜம்புநாதன்தான். விசா, வரி, இன்சூரன்ஸ், பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வரை மனைவி வான்மதியின் பெயரில் அவரே எழுதுவார், பதிலையும் அவரே படிப்பார். அவளுக்கு மின்னஞ்சல் திறந்து கொடுத்ததும் அவர்தான். அதன் பாஸ்வேர்டு அவளைவிட அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக இதையெல்லாம் அவள் சௌகரியம் என்றே நினைத்திருந்தாள். பாவம், நம் பெண்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

வான்மதி சாத்தூர்ப் பெண், கணக்கில் பட்டம் வாங்கியவள். கணவரைச் சார்ந்து வந்த ஹெச்ஃபோர் விசாவில் வேலைக்குப் போகக் கூடாது என்பதால் பதினோரு வருடம் அடுப்புக்கும் கார் ஸ்டியரிங்குக்கும் நடுவே ஓடினாள். க்ரீன் கார்டு வந்ததும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் வேலைக்குச் சேர்ந்தாள். கூட வேலை பார்த்த ரோசானா பிரேசில்காரி. அவள் தன் அம்மாவோடு போனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு வான்மதிக்கு அந்த மொழி மேல் ஆசை வந்துவிட்டது. கம்யூனிட்டி காலேஜில் போர்ச்சுகீசிய வகுப்பில் சேர்ந்தாள். ஆங்கிலத்தில் அவள் வாயைத் திறந்தால் ஜம்புநாதன் நடுவே புகுந்து திருத்துவார். இதில் அவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவளுக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

இரண்டாம் வருடம், பிரேசிலின் சால்வடோர் நகரில் நான்கு மாதம் தங்கிப் படிக்கப் பத்துப் பேரைக் கல்லூரி தேர்ந்தெடுத்தது. நாற்பத்தாறு வயது வான்மதிக்கும் இடம் கிடைத்தது. அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்கள் சந்தைக்கும் திருவிழாவுக்கும் கூடவே போய், விடிந்ததிலிருந்து அவர்கள் மொழியிலேயே பேச வேண்டும். வாழ்க்கையில் அவளாகக் கேட்டு, அவளாக வாங்கிய முதல் விஷயம் அது.

ஜம்புநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் வெண்பா படிக்க ஸ்பெயின் போனபோது எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் படம் போட்டுப் பீற்றிக்கொண்ட அதே மனிதர்தான். பெண்டாட்டி என்றதும் பிரேசில் பொல்லாத ஊராகிவிட்டது. கல்யாணமானவள் தனியாகப் போய் அந்நியர் வீட்டில் தங்குவதா, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று குதித்தார். அவள் அசையவில்லை. மூன்று வாரம் ஒரே வீட்டில் இருவரும் முகம் பார்க்காமல் திரிந்தார்கள். அவர் மேல் அவளுக்கு அப்போதுதான் முதல்முறையாக வெறுப்பு வந்தது.

ஒரு வியாழக்கிழமை அவராகவே வந்து பேசினார். சனிக்கிழமை மதியம் நண்பர்களைக் கூப்பிட்டிருப்பதாகவும், கொஞ்சம் பிரியாணி செய்தால் நன்றாயிருக்கும் என்றும் சொன்னார். இறங்கி வருகிறார் போலிருக்கிறது என்று அவளும் நம்பினாள். பதினான்கு பேருக்குப் பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் கேசரியும் செய்தாள்.

கேசரி காலியானதும் பொள்ளாச்சிக்காரர் வேலுமணி தொண்டையைக் கனைத்தார். தமிழ்ச் சங்கத்தில் எந்த வீட்டில் சண்டையென்றாலும் பஞ்சாயத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"ஏனுங் அம்மணி, நல்லா இருக்கற குடும்பத்துல எதுக்குங்க இந்த வம்பு? நாலு மாசம் ஜம்பு என்னங்க பண்ணுவாரு?"

அவர் மனைவி வள்ளி, வயதான காலத்தில் பிரதோஷத்துக்குப் போகலாம், பாட்டு கிளாஸ் போகலாம் என்று யோசனை சொன்னாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். வான்மதிக்கு அப்போதுதான் விளங்கியது. தன்னை விசாரிக்க வந்தவர்களுக்குத் தானே விருந்து சமைத்துப் போட்டிருக்கிறாள். 

ஜம்புநாதன் சோபாவில் சாய்ந்துகொண்டு, "விடுங்க வேலுமணி. நேத்தே அவ மெயில்லேந்து, அவ வரலைன்னு எழுதி நானே வித்ட்ரா பண்ணிட்டேன். முடிஞ்சு போச்சு," என்றார். விசா புதுப்பித்துவிட்டேன் என்று சொல்லும் அதே குரல். அதில் தப்பு இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

வான்மதி கத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். கல்லூரியில் இந்த பிரேசில் படிப்புக்குப் பொறுப்பான பியாட்ரிஸ் மாணவர்களுக்கெல்லாம் தன் சொந்த எண்ணைக் கொடுத்திருந்தாள். கூடத்தின் நடுவில் நின்று அவளிடம் வான்மதி போர்ச்சுகீசியத்தில் பேசினாள். முதலில் தடுக்கியது, பிறகு கோபமே வார்த்தையை எடுத்துக் கொடுத்தது. நேற்றைய மெயிலைத் தான் எழுதவில்லை, தான் வருவது உறுதி என்றாள். இடத்தை இன்னும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்று பியாட்ரிஸ் சொன்னாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். வான்மதி எழுத்தெழுத்தாக நிறுத்தி, போர்ச்சுகீசிய உச்சரிப்பிலேயே நிதானமாகப் பதில் சொன்னாள்.

பதினான்கு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. திருத்துவதற்கு வழியில்லாமல் ஜம்புநாதன் வேலுமணியைப் பார்த்தார், வேலுமணி காலித் தட்டைப் பார்த்தார்.

அவள் போனை வைத்ததும் ஜம்புநாதன் எழுந்துவிட்டார். "என்ன சொன்னே அவகிட்ட?"

"நான் வரேன்னு சொன்னேன். பாஸ்வேர்ட மாத்தப் போறேன்னு சொன்னேன்."

"அவ ஏதோ கேட்டாளே?"

"அந்த மெயில யாரு அனுப்புனதுன்னு கேட்டாங்க."

ஜம்புநாதனின் குரல் இறங்கியது. "என் பேரச் சொன்னியா?"

"ஸ்பெல்லிங்கோட சொன்னேன்," என்றாள் வான்மதி.