சத்தம் மட்டும் வரும் கழி

திண்டிவனத்து டென்ட்டுக் கொட்டகையில் அப்பாவும் நானும் மணலில் உட்கார்ந்திருந்தோம். அப்பா படியாளாக இருந்த வீட்டு ஆண்டை எங்களுக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தார். திரையில் ஒரு முதலாளி வேலைக்காரனைக் கழியால் வெளுத்தார். கொட்டகையே சிரித்தது. அப்பா மட்டும் துண்டை இழுத்து முதுகை மூடிக்கொண்டார்.

பள்ளியில் படித்ததை அவர் காதில் சொன்னேன். "அது ரெண்டு பட்டையா இருக்கிற கழிப்பா. ஒண்ணோட ஒண்ணு மோதி சத்தந்தான் வரும், வலிக்காது. சீமையில கோமாளிங்க அத்த வச்சிக்கினுதான் அடிச்சிப்பாங்க. ஸ்லாப்ஸ்டிக்குனு பேரு. இந்த மாதிரி சிரிப்புக்கே அந்தப் பேருதான்."

"அப்ப நம்ம ஆண்டைக்கும் ஒண்ணு வாங்கியாந்து குடுடா."

நான் உரக்கச் சிரித்துவிட்டேன்.

பின்னாலிருந்து ஆண்டை கேட்டார். "இன்னாடா, புள்ள சிரிக்கிறான், நீ உம்முனு கீற? புரியலியா?"

அப்பா எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார். "புரிஞ்சிடுச்சிங்க ஆண்டை" என்று சொல்லி, அவர் முகத்தைப் பார்த்தபடி சிரிக்கத் தொடங்கினார்.

திரையில் காட்சி மாறியது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி அழுதாள். கொட்டகை அடங்கிவிட்டது.

"போதும்பா, உக்காரு" என்று வேட்டியை இழுத்தேன்.

ஆண்டை அப்பாவைத் தாண்டித் தலையைச் சாய்த்துப் படத்தில் ஆழ்ந்திருந்தார். சிரிப்பை நிறுத்தச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அப்பா சிரித்துக்கொண்டே நின்றார்.