மங்கும் காலை ஷிப்டும்

துபாயில் நான் வேலை செய்யும் அழகு சிகிச்சை கிளினிக்கில், காலையில் கதவு திறக்கும் முன் நர்ஸுகள் எல்லோரும் வரிசையாக நின்று முகத்தைக் காட்ட வேண்டும். மேனேஜர் ரீமா விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவர் கன்னமாகப் பார்த்தபடி போவார். விருத்தாசலத்தில் நான் முன்பு இருந்த நர்ஸிங் ஹோமில் ஹெட் சிஸ்டர் பார்த்தது எங்கள் நகத்தை. கை சுத்தமாக இருந்தால் போதும். முகத்தைப் பற்றி எந்த நோயாளியும் கவலைப்பட்டதில்லை. இங்கே வருகிறவர்கள் நோயாளிகள் அல்ல, கிளையன்ட்கள். அவர்கள் முதலில் பார்ப்பதே எங்கள் தோலைத்தான்.

ஊரில் நர்ஸிங் முடித்த பெண்கள் சிலர் இந்த வேலை எப்படி என்று கேட்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. நைட் டியூட்டி இல்லை. யாரும் கண் முன்னால் சாவதில்லை. நாள் முழுக்க நிற்க வேண்டும், சிரித்த முகம் மாறக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் எங்கள் நிறுவனத்துக்குப் பல கிளைகள். எப்போது எங்கே மாற்றுவார்கள் என்று சொல்ல முடியாது. எனக்கு அந்த ஒன்றுதான் பயம். என் மகள் யாழினிக்கு எட்டு மாதம். காலை ஷிப்ட் முடிந்து மாலையில் நான் வந்ததும் அவளை என் கையில் கொடுத்துவிட்டு, கணவர் சூப்பர் மார்க்கெட் வேலைக்குக் கிளம்புவார். மாலில் இருக்கும் கிளையில் இரவு ஷிப்ட்தான்; அங்கே மாற்றினால் நான் வீடு திரும்ப நள்ளிரவாகும். அதுவரை குழந்தையை யார் பார்ப்பது?

பிரசவத்துக்குப் பிறகு என் இடது கன்னத்தில் கருந்திட்டாக மங்கு விழுந்திருக்கிறது. போன மாதம் ஒரு கிளையன்ட், "உங்கள் நர்ஸுக்கே போகாதது எனக்கு எப்படிப் போகும்?" என்று ரீமாவிடம் கேட்டுவிட்டார். ரீமா என்னை அழைத்து, லேசரும் க்ரீமும் இலவசமாகச் செய்துகொள், வேண்டாமென்றால் மால் கிளையில் கிளையன்ட் கண்ணில் படாத உள்வேலைக்குப் போய்விடு என்றார். அவரைப் பொறுத்தவரை அந்த இலவச சிகிச்சை எனக்குக் கொடுக்கும் பரிசு. நான் தயங்கியதை வலிக்குப் பயப்படுகிறேன் என்று எடுத்துக்கொண்டு, "எறும்பு கடிப்பதுபோலத்தான் இருக்கும்" என்று தோளைத் தட்டினார். தினமும் கிளையன்ட்களுக்கு நான் சொல்லும் அதே பொய்.

அம்மா ஊரில் செராமிக் யூனிட்டில் பொம்மைகளுக்கு வர்ணம் அடிக்கிறார். சூளையிலிருந்து வந்த பொம்மையின் முகத்தில் கடுகளவு கரும்புள்ளி இருந்தாலும் தனியாக ஒதுக்கிவிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு அங்கே போய், ஒதுக்கியவற்றை வைத்து நான் விளையாடியிருக்கிறேன். போனில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா சிரித்தார்.

"பொம்மைக்குத்தாண்டி புள்ளி விழுந்தா செகண்ட்ஸு. புள்ள பெத்தவ மூஞ்சிக்குமா?" என்றவர், உடனே குரலை மாற்றினார். "ஓசியிலதான செய்றேங்கிறாங்க, செஞ்சிக்கயேன். துபாய்க்குப் போயும் மங்கு போவலியான்னு இங்க கேக்குறாங்க, பதில் சொல்லி மாளல."

தாய்ப்பாலுக்கு அந்த க்ரீம் நிஜமாகவே ஆகாதா, கொஞ்சம் போட்டால் பரவாயில்லையா என்று இரண்டு நாள் எனக்குள்ளேயே வாதாடினேன். மேனேஜரிடம் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. சொன்ன நாளில் போய் நாற்காலியில் படுத்துவிட்டேன். லேசர் போட வந்த ஜின்சி, கோட்டயத்துப் பெண், வழக்கமான கேள்விகளைத் தொடங்கினாள்: "கர்ப்பமாக இருக்கிறீர்களா? தாய்ப்பால் கொடுக்கிறீர்களா?" இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் எங்கள் கிளினிக்கில் மங்குக்கு சிகிச்சை கிடையாது. எத்தனையோ தாய்மார்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"இவள் நம் ஸ்டாஃப். அதெல்லாம் கேட்க வேண்டாம்" என்றார் பக்கத்தில் நின்ற ரீமா.

"இதில் படுத்தால் நானும் கிளையன்ட்தானே, மேடம்? பால் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது நான்தானா என்றிருந்தது.

ஜின்சி என் கண்ணிலிருந்த லேசர் கண்ணாடியைக் கழற்றினாள். "குழந்தைக்கு என்ன வயது?" என்றார் ரீமா. இதுவரை அவர் கேட்டதில்லை. சொன்னேன். "பால் நிறுத்தும்வரை மேக்கப் போட்டு மறைத்துக்கொள். காலை ஷிப்டிலேயே இரு."

வீட்டுக்கு வந்து கணவரிடம், "எதுத்துப் பேசிட்டனோ?" என்று கேட்டேன்.

"கேட்டதுக்குப் பதில் சொன்ன. இதுல என்னா இருக்குது? பஸ்ஸு போயிடும், புள்ளயப் புடி."

முகத்தைக் கழுவிவிட்டு யாழினியை மடியில் போட்டுக்கொண்டேன். அம்மா வீடியோவில் வந்தார். "லேசரு போட்டாச்சா? எங்க, திரும்பு பாப்பம்." என் திரையின் மூலையில் மங்கு கண்ணாடியில் பார்ப்பதுபோல இடப்பக்கம் தெரிகிறது, அம்மாவின் திரையில் அதுவே வலப்பக்கம். அவர் கை காட்டிய பக்கம் திரும்புகிறேன். "அது இல்லடி, அந்தப் பக்கம்" என்கிறார். யாழினி குடித்தபடியே கையை உயர்த்தி என் கன்னத்தில் வைக்கிறாள். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல், அசைந்தால் வாயை எடுத்துவிடுவாளோ என்று, அப்படியே இருக்கிறேன்.