வெறுங்காற்று எலிகள்

அக்ரிலிக் பெட்டி செய்கிறவர்கள் சென்னையில் நிறையப் பேர். ஒரு சொட்டு கசியாமல் செய்கிறவன் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், சைதாப்பேட்டையில் சொந்தப் பட்டறை போட்டேன். இணைப்புகளில் ஊசியால், அக்ரிலிக்கைக் கரைத்து ஒட்டவைக்கும் குளோரோஃபார்ம் விட்டு ஒட்டுவது என் மனைவி. அந்தப் பதமான கை எனக்கே வராது.

அடையாறில் ஓர் ஆய்வுக்கூடம் எலிகளுக்கு இரண்டு பெட்டிகள் கேட்டது. ஒன்றில் தினமும் பெயின்ட் தின்னர் ஆவியைச் செலுத்துவார்கள். இன்னொன்றில் வெறுங்காற்று. ஒப்பிட்டால்தான் ஆவி உடம்பை என்ன செய்கிறது என்று தெரியுமாம். அவசரம் என்றார்கள். ஒட்டிய கையோடு கொடுத்துவிட்டேன்.

மறுநாளே கூப்பிட்டார்கள். என் பெட்டியிலா குறை என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனேன். வெறுங்காற்று எலிகளும் மூலையில் துவண்டு படுத்திருந்தன. அங்கிருந்த ஆராய்ச்சி அம்மா பெட்டியை முகர்ந்து பார்க்கச் சொன்னார். எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

"ஒட்டின மருந்து இன்னும் ஆவியா வருது ஐயா. ஒரு நாள்னா இதுங்க தெளிஞ்சிடும். தினம் உள்ள போனா ஈரல், சிறுநீரகம் எல்லாம் கெடும். உங்க பட்டறையில யார் ஒட்டறாங்க?"

 சாயங்காலமானால் என் மனைவிக்குத் தலை கிறுகிறுக்கும். வெயில் என்பேன் நான். தூசி விழாமலிருக்கக் கதவைச் சாத்தித்தான் ஒட்டுவோம்.

பட்டறை வாசலில் ஆட்டோவைவிட்டு இறங்கியதும் அவளிடம் ஊசியைக் கீழே வை என்றேன். அவள் நிமிரவே இல்லை.

"எலி படுத்துகிச்சுன்னா நானும் படுக்கணுமாய்யா? நீ ஒட்டுனா மீன் தொட்டித் தண்ணி ரோட்டுல ஓடும்."

"உன் கைய நிறுத்தச் சொல்லலையே. மூக்குல ஆவி போறதத்தான் நிறுத்தச் சொல்றேன்."

மறுநாள் ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஈரல் கொஞ்சம் பாதிக்கப்பட்டிருக்கிறது, இப்போதே விலகினால் தேறும் என்றார் டாக்டர்.

பட்டறையின் பின்சுவர் வீட்டுக்காரருடையது. அவரிடம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று, காற்று வர அதில் ஒரு ஜன்னல் திறக்க நானே கடப்பாரையை எடுத்தேன். ஒட்டும் மேசைக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு செய்தேன். கை மட்டும் உள்ளே போகும், ஆவியை மின்விசிறி இழுத்துக் குழாய் வழியே கூரைக்கு மேல் தள்ளிவிடும். எந்த இன்ஜினியரும் வரைந்து தரவில்லை. மின்விசிறி ஓடும்போதுதான் ஒட்டலாம் என்று சட்டம் போட்டேன். ஆய்வுக்கூடத்துக்கு வேறு பெட்டி செய்து, நன்றாக ஆறவிட்டுக் கொடுத்தேன்.

காற்றோட்டத்தில் இணைப்புகளில் தூசி ஒட்டுகிறது. தி. நகர் நகைக்கடைக்காரர் ஒருவர் முகம் சுளித்தார். வேறு ஆளைப் பாருங்கள் என்றேன்.

கிறுகிறுப்பு குறைந்திருக்கிறது. டாக்டர் சொன்னபடி மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும். ஊசி குத்தினால் வலிக்கும் என்று இவள் சாக்குச் சொல்கிறாள். நான் விடுவதாக இல்லை.