சாமி நெஞ்சில் பதினொரு மாதம்

போன செவ்வாய்க்கிழமை என் மாமனார் வீட்டுக்கு ஒரு பழுப்பு உறை வந்தது.

சாதாரண அரசாங்க உறைதான். ஆனால், அது வந்து சேருவதற்காக நான் ஒரு கவுண்டரில் வியர்த்து, ஒரு கனவில் அலறி, கடைசியில் ஒரு சாமியின் நெஞ்சைச் சுரண்ட வேண்டியிருந்தது.

ஆமாம், சாமியின் நெஞ்சைத்தான். சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

மாமனார் பெயர் முத்தையா. கோலா சாவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய, அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்த, அம்மாவுக்கு ஒரே மகன். மலேசிய ராணுவத்தில் சேர்ந்து கோர்ப்பரலாக வெளியே வந்தவர். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையவில்லை. கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷமாகியும் அவர் வீட்டு நாற்காலியில் நான் இதுவரை சாய்ந்து உட்கார்ந்ததில்லை. அவர் "உக்காருங்க மாப்ள" என்று சொன்னாலே என் கால்கள் தானாக ஒன்று சேர்ந்துவிடும்.

நாலைந்து மாதங்களுக்கு முன்பு அவர் தன் முன்னாள் வீரர் அட்டையைப் புதுப்பிக்கப் போனார். கூடவே அவருடைய சேவைப் பதிவையும் அச்செடுத்துக் கொடுத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் எனக்குப் போன்.

"மாப்ள, வாங்க. ஒண்ணு படிக்கணும்."

படித்தேன். பயிற்சி, முகாம், ஸ்டோர், மறுபடியும் ஸ்டோர், ஓய்வு. பதக்கங்கள் என்ற இடத்தில் ஒரே ஒரு மலாய்ச் சொல் – தியாடா. அதாவது, இல்லை.

"நான் சேவையெல்லாம் ஸ்டோர்ல சாக்கு அடுக்கிக்கிட்டு இருந்தேனாம். பாத்தீங்களா?"

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. எழுபதுகளில் அவரை வடக்கு எல்லைக் காட்டுக்கு, வேறொரு படைக் கம்பெனிக்கு, இரவல் கொடுத்திருக்கிறார்கள். பதினொரு மாதம். ஆள் போனார், காகிதம் போகவில்லை. ஆள் திரும்பி வந்தார், காகிதம் அப்போதும் அசையவில்லை. ராணுவத்தை விட்டு வந்த பிறகு, அந்தப் பதினொரு மாதத்துக்கான சேவைப் பதக்கம் மட்டும் எப்படியோ தபாலில் வந்து சேர்ந்திருக்கிறது. பதிவில் எல்லையும் இல்லை, பதக்கமும் இல்லை.

"அம்பது வருஷம் ஆச்சி... விடுங்களேன் மாமா" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அங்க கமால்னு ஒருத்தன் என்கூட இருந்தான். கோலாபிலாக்காரன். கண்ணிவெடில மாட்டிக்கிட்டான். ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும் அவன் தல என் மடியிலதான் இருந்திச்சி. நல்ல மழ. ஹெலிகாப்டர் வர்றதுக்குள்ள போய்ட்டான். இப்ப இந்தத் தாளுல, நான் அங்க இல்லவே இல்லன்னு போட்டிருக்கு."

கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். பிறகு கேட்டார்:

"அப்ப அவன் தனியாவா மாப்ள செத்தான்?"

"நாளைக்கே சிரம்பான்ல இருக்கிற முன்னாள் வீரர் ஆபீசுக்குப் போவோம் மாமா" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அரசாங்கக் கவுண்டர் என்றால் எனக்கு ஒரு வியாதி. நம்பரைக் கூப்பிட்டதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்குக் கவுண்டரில் சின்ன வயதுப் பெண் ஒருத்தி, சிரித்த முகம், "என்சிக் பெயர் என்ன?" என்று மலாயில், மரியாதையாகத்தான் கேட்டாள். நான் அடையாள அட்டை எண்ணைச் சொன்னேன். "முகவரி?" என்றாள். பெயரைச் சொன்னேன். பக்கத்தில் மாமனார் மார்பை நிமிர்த்தி நின்றார். நானும் நின்றேன். ராணுவத்தில் இருந்தது யார் என்று அந்தப் பெண்ணுக்கே குழப்பம் வந்திருக்க வேண்டும்.

அவள் பெரியவரைப் பாக்சிக், பாக்சிக் என்று மாமா முறை வைத்து அன்பாகத்தான் கூப்பிட்டாள். பதிவைத் திருத்தலாம், ஆதாரம் வேண்டும். பதக்கத்தோடு ஒரு கடிதம் வந்திருக்குமே, எந்தப் படை, எத்தனை மாதம் என்றெல்லாம் போட்டு? அந்த மூலக் கடிதம் இருந்தால் போதும் என்றாள்.

மாமனார் தலையாட்டினார். வெளியே வந்து காடியில் ஏறிய பிறகு கேட்டேன்.

"கடுதாசி எங்க மாமா?"

"இருக்கு."

"எங்க?"

"முனிகிட்ட."

"எந்த முனி? அந்த ஆபீஸ் கிராணி மகன் முனியா?"

"முனியாண்டி சாமிகிட்ட மாப்ள. ரோட்டப் பாருங்க."

அவருடைய அம்மா ஒரு நேர்த்தி வைத்திருந்தாராம். மகன் கைகால் முழுசாகத் திரும்பி வந்தால், அவன் சம்பாதித்த பெருமையெல்லாம் தோட்டத்து முனியாண்டிக்கே. பதக்கம் வந்த அன்றைக்கே அதை ஒரு சங்கிலியில் கோத்து முனியின் கழுத்தில் போட்டுவிட்டார். கடிதத்தையும் விடவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால், சீல் தெரியும். 'கவர்மெண்ட் தாளு, சாமிகிட்ட இருந்தாத்தான் பத்திரம்' என்று அதைச் சுருட்டி, ஒரு செப்புக் குழாயில் அடைத்து, பதக்கத்துக்குப் பக்கத்திலேயே தாயத்து மாதிரி தொங்கவிட்டுவிட்டார்.

அப்புறம்?

அப்புறம் தோட்டம் கைமாறியது. பால்மரம் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. கோயிலைச் சாலையோரம் ஒரு மரத்தடிக்கு நகர்த்தினார்கள். முனியும் நகர்ந்தார். வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னால் அவருக்குப் புதுப் பெயிண்ட். அடிக்கிறவர்கள் மீசைக்குக் கறுப்பு அடித்தார்கள், வேட்டிக்குச் சிவப்பு அடித்தார்கள். நெஞ்சில் இருந்த பதக்கத்தை மட்டும் கழற்றியா அடிப்பார்கள்? சாமி மேல் இருப்பதும் சாமிதானே! சேர்த்தே அடித்துவிட்டார்கள்.

நான் அந்த முனியை எத்தனையோ முறை கும்பிட்டிருக்கிறேன். நெஞ்சில் ஒரு பெரிய பொத்தானும் அதன் பக்கத்தில் ஒரு விரலும் மாதிரி ஏதோ இருக்கும். சிற்பியின் கைவரிசை என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆட்டுக்கறி சாப்பிட்ட மயக்கத்தில் கண்ணயர்ந்தேன். அதே கவுண்டர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முனி. பூட்ஸ் போட்டிருந்தார். அரிவாள் மேசைமேல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சிரம்பான் இல்லை. வெள்ளை வெள்ளையாகப் பனி, அதில் வரிசை வரிசையாகப் பால்மரம், ஒவ்வொரு மரத்தின் கீழும் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் சொட்டுகிற சத்தம். எல்லாம் அழகாகத்தான் இருந்தது. முனி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கடுதாசிய மூணு காப்பி எடுத்துக்கிட்டு வா" என்றார்.

அலறியடித்துக்கொண்டு எழுந்தேன். "பகல்லயே ஏன் இப்படிக் கத்துறீங்க?" என்றாள் மனைவி. "முனி வந்தாரு" என்றேன். "உட்கார வச்சீங்களா?" என்றாள். அவளும் கோர்ப்பரல் மகள்தானே!

மறுநாள் காலையிலேயே மாமனாரோடு கோயிலுக்குப் போனேன். செம்பனைக் கீற்றுகளுக்கிடையே இன்னும் பனி கலையவில்லை. தகரக் கூரைக்குக் கீழே முனி, அவருக்கு முன்னால் அணைந்துபோன ஒரு சுருட்டு, ஓரத்தில் சுழன்றுகொண்டிருந்த ஒரு நிலை மின்விசிறி. அதன் அடிப்பாகத்தில் உபயம் செய்தவர் பெயர், சாமி பெயரைவிடப் பெரிதாக.

பூசை செய்யும் பண்டாரத்திடம் விஷயத்தைச் சொன்னோம். பூசை நேரம் போக, செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். பேச்சில் நெளிவு சுளிவு கிடையாது.

"போட்டத எடுக்கறதா? அதெல்லாம் முடியாதுலா. சாமிய கேக்காம நான் கை வக்க மாட்டேன்."

"எப்படிக் கேக்கறது?"

"பூ வச்சிக் கேப்போம். வலது தோளுப் பூ மொதல்ல விழுந்தா உத்தரவு. இடது விழுந்தா... வீட்டுக்குப் போங்க."

இரண்டு செம்பருத்தியைத் தண்ணீரில் நனைத்து, முனியின் இரண்டு தோளிலும் ஒட்டினார். காற்று குறுக்கிடக் கூடாது என்று விசிறியை நிறுத்தினார். மூவரும் நின்றோம்.

பத்து நிமிஷம். பூ அசையவில்லை. இருபது நிமிஷம். ஒரு பட்டாம்பூச்சி வந்து முனியின் மீசையில் உட்கார்ந்து, யோசித்து, போய்விட்டது. பனி மெல்ல மெல்ல மரங்களுக்குப் பின்னால் நகர்ந்தது. தூரத்தில் யாரோ மோட்டாரை உதைக்கிற சத்தம், அப்புறம் அதுவும் இல்லை. நேரம் என்று ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது. நாங்கள் மூன்று பேரும் எப்போதும் இங்கேதான் நின்றுகொண்டிருக்கிறோமோ?

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். மாமனார் ஓர் அடி முன்னால் வைத்தார். குதிகால்கள் டக்கென்று சேர்ந்தன. கை நெற்றிக்குப் போனது. தன் எண், பதவி, பெயர் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு ராணுவ மலாயில், காடே கேட்கிற மாதிரி அனுமதி கேட்டார்:

"மிந்தா இசின், துவான்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓர் அடி பின்னால் போனேன். குதிகால் எதன் மேலோ பட்டது. டக்.

விசிறியின் பொத்தான்.

இறக்கைகள் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும். பதறிப்போய் மறுபடி அமுக்கிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் – வலது தோள் பூ கீழே கிடக்கிறது.

சலாம் அடித்ததற்கு விழுந்ததா, காற்றுக்கு விழுந்ததா? சத்தியமாக எனக்குத் தெரியாது. மாமனார் முனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பண்டாரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திறந்து பார்த்தார்.

"உத்தரவு கெடச்சிருச்சி. ஆனா, நான் சாமிக்குச் சோறு போடறவன், சொரண்டறவன் இல்ல. நீங்களே பாருங்க."

மாமனார் கை நடுங்கும். மிச்சம் யார்? அடியேன்தான்.

ஒரு கையில் பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணி, இன்னொரு கையில் சின்னக் கத்தி. ஒவ்வொரு சுரண்டலுக்கும் ஒரு 'மன்னிச்சிருங்க சாமி'. சாமிக்குக் கூச்சம் இருக்குமா என்று வேறு ஒரு பயம். முதலில் இந்த வருஷத்து நீலம் போனது. அதற்குக் கீழே பச்சை. பச்சைக்குக் கீழே ஒரு மஞ்சள். ஒவ்வொரு அடுக்கும் ஒரு திருவிழா. எந்த மஞ்சளில் யார் யார் காவடி எடுத்தார்களோ, எந்தப் பச்சையில் யாருக்குக் கல்யாணம் கூடியதோ... நிறம் நிறமாக உதிர்ந்து என் செருப்பில் விழுந்தது. கடைசி நிறத்துக்கும் கீழே, மங்கலாக, உலோகம்.

குழாயின் வாயைப் பார்த்ததும் மாமனார் சிரித்துவிட்டார். மெழுகு இல்லை, ரப்பர் பால். கருத்து, இறுகி, கல்லாகியிருந்தது.

"எங்கம்மா வேல. கைக்குக் கெடச்சத வச்சி அடச்சிருக்கு."

சங்கிலியோடு பதக்கத்தையும் குழாயையும் கழற்றிக்கொண்டு, அடைப்பை உடைத்து, தாளை உருவினோம். தாள் பழுப்பேறியிருந்தது, அவ்வளவுதான். எண், பெயர், படை, வடக்கு எல்லை, பதினொரு மாதம், சீல். எதுவும் அழியவில்லை.

நம்மில் எத்தனை பேர் பிறப்புச் சான்றிதழை பிஸ்கட் டின்னில் வைத்துக் கரையானுக்குக் கொடுத்திருக்கிறோம்? மெத்தைக்கு அடியில் வைத்து வெள்ளத்துக்கு விட்டிருக்கிறோம்? படிக்கத் தெரியாத ஓர் அம்மா, லீவே போடாத ஒரு காவலாளியிடம் ஒரு தாளை ஒப்படைத்திருக்கிறார். என் வீட்டில் போன மாதத்து மின்சார பில்லைத் தேடினால் கிடைப்பதில்லை.

கவுண்டர் பெண் கடிதத்தை வாங்கியதும் முகர்ந்து பார்த்தாள். "இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது?"

"எங்கள்... பாதுகாப்பு அதிகாரியிடம்" என்றேன். பொய் இல்லையே!

நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பின் முடிவில்தான் போன செவ்வாய்க்கிழமை, அந்தப் பழுப்பு உறை.

"நீங்க படிங்க மாப்ள."

படித்தேன். ஸ்டோருக்கும் ஸ்டோருக்கும் நடுவில் ஒரு புது வரி முளைத்திருந்தது – வடக்கு எல்லை, பதினொரு மாதம். தியாடா இருந்த இடத்தில் பதக்கத்தின் பெயர். மாமனார் தாளை வாங்கி, அந்த வரியின் மேல் விரலை வைத்தார். எடுக்கவில்லை.

"கமால் பேரு இருக்கா?"

"இல்ல மாமா. இது உங்க ரெக்கார்டு. அதுல உங்க பேருதான் இருக்கும்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவர் ஜன்னலைப் பார்த்தார். எந்த மழையைப் பார்த்தாரோ...

"சரி. நான் இருக்கேன்ல. அது போதும்."

பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு ஒரு படமாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மா குடுத்தது மாப்ள. நாம எரவல்தானே கேட்டோம்" என்றார்.

ஆகவே, சனிக்கிழமை காலை கிளம்பினோம். பழைய கடிதத்தோடு புதுத் தாளின் நகலையும் சேர்த்துச் சுருட்டி, குழாயில் போட்டாயிற்று. அடைக்க மெழுகுவர்த்தி கொண்டுபோயிருந்தேன். அது கூடாதாம், அம்மா மாதிரி ரப்பர் பால்தான் வேண்டுமாம். கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான். சுவா என்கிற ஊர்ப் பக்கம் சுற்றிச் சுற்றி, ஒரு சின்னத் தோட்டத்தில் நாலைந்து பால்மரத்தைக் கண்டுபிடித்தோம். தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு மாமனார் ஒரு கீறல் போட்டார். அந்தக் கை அப்போது நடுங்கவே இல்லை. வெள்ளைப் பால் நிதானமாக, நேற்றுதான் விட்டுப்போன வேலை மாதிரி, இறங்கி வந்தது.

மதியத்துக்குள் முனி தன் பழைய சங்கிலியோடு நின்றார். இனிமேல் அந்த இடத்தில் பெயிண்ட் அடிக்க மாட்டார்களாம். பண்டாரம் வாக்குக் கொடுத்திருக்கிறார். பதக்கம் வெயிலில் மினுக்கியது. மாமனார் ஒரு சலாம் அடித்தார். நானும் அடித்தேன் – தப்பான கையில்.

பின்னால் நகரும்போதுதான் கவனித்தேன்: விசிறியை என் கால் எட்டாத மூலைக்கு மாற்றி வைத்திருந்தார் பண்டாரம்.